கால் பங்கு

கச்சான் காற்று பிடித்துவிட்டால் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் பொழுது சாய்ந்த பிறகு திண்ணையில் உட்கார முடியாது. மணல் வந்து கண்ணில் விழும். கடல்பக்கத்து ஜன்னல் கம்பிகளில் கை வைத்தால் உப்பு பிசுபிசுக்கும். கதவுகளை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டிய அந்த இரவுகளை இந்த ஆண்டு இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 'தி வேர்ல்ட் அட் வார்' ஆவணத் தொடருக்கு ஒதுக்கினேன். என் தங்கை மகன் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அதன் புதுப்பிக்கப்பட்ட புளூ-ரே பதிப்பைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பழைய டிவிடி பதிப்பு என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. 31 ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவனுக்கு, படத்தில் சொல்லப்படும் கதையைப் போலவே, படம் எப்படிக் கழுவப்பட்டிருக்கிறது, எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதிலும் கண் போவது இயல்பு. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் தேம்ஸ் டெலிவிஷன் நிறுவனம் எடுத்த இந்த 26 பகுதிகள் 1973 அக்டோபர் இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கி 1974 மே மாதத்தில் முடிந்தன. தயாரிப்பாளர் ஜெரமி ஐசக்ஸ். வர்ணனைக் குரல் ஷேக்ஸ்பியர் நாடகங்களால் புகழ்பெற்ற லாரன்ஸ் ஒலிவியருடையது. இசை கார்ல் டேவிஸ். ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்பும், அன்றைய மதிப்பில் 9 லட்சம் பவுண்டும் இதற்குச் செலவாயின. பிரிட்டிஷ் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த நோபிள் ஃபிராங்க்லண்டிடம், தவிர்க்கவே முடியாத போர்க்களங்கள் எவை என்று ஐசக்ஸ் கேட்க, அவர் 15 களங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தார். அவற்றுக்குத் தலா ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 11 பகுதிகளை நாஜிகளின் எழுச்சி, யூதப் படுகொலை, ஆக்கிரமிக்கப்பட்ட ஹாலந்து, பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் போர்க்காலத்தில் மக்கள் வாழ்ந்த வாழ்க்கை ஆகியவற்றுக்கு வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகாத காலம் என்பதால், போரை நடத்தியவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். ஹிட்லரின் ஆயுத அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஷ்பேர் கேமராவைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார். நீர்மூழ்கிப் படைக்குத் தலைமை தாங்கிய டோனிட்ஸ் பேசுகிறார். ஆனால் மனத்தில் நிற்பது அவர்களைவிட, ஹிட்லர் சொல்லச்சொல்ல அவருடைய கடைசி உயிலை எழுதியெடுத்த செயலாளர் டிராவுடில் யுங்கே போன்றவர்களின் முகங்கள்தான். குண்டு விமானப் படையில் பணியாற்றிய ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஓரிடத்தில் வருகிறார். பெயருக்குக் கீழே அவர் வகித்த படைப்பொறுப்பை மட்டும் போட்டிருக்கிறார்கள், நடிகர் என்ற சொல்லே இல்லை. நம்மூரில் கல்யாண வீடியோவில் மாமாவின் பெயரைப் போடும்போதுகூட அவர் வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாக எழுதச் சொல்லி என்னைப் படுத்தியெடுத்திருக்கிறார்கள்.

முதல் பகுதி பிரான்ஸில் ஒராதூர்-சூர்-கிளான் என்ற ஊரின் ஆளற்ற தெருவில் தொடங்குகிறது. கூரையில்லாத வீடுகள், கரிந்த சுவர்கள், ஆள் நடமாட்டமே இல்லாத பாதை. 1944 ஜூன் 10 அன்று அந்த ஊருக்குள் வந்த ஜெர்மன் எஸ்.எஸ். படையினர் ஆண்களைக் களஞ்சியங்களிலும், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்திலும் அடைத்துக் கொன்றார்கள். இறந்தவர்கள் 643 பேர். அந்தக் காட்சி திரையில் வந்தவுடன் என் மனைவி, "தனுஷ்கோடி மாதிரி இருக்கே" என்றாள். எங்கள் கரையைச் சேர்ந்த யாருக்கும் வாயில் முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும். கூரை போன தேவாலயம், பாதிச் சுவராக நிற்கும் ரயில் நிலையம், பவளப்பாறைக் கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து மணலில் கிடக்கும் கோலம் எல்லாம் அப்படியே ஒத்துப்போகின்றன. ஆனால் தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயலும் கடலும் அழித்தன. ஒராதூரை அழித்தவர்கள் மனிதர்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒராதூரின் இடிபாடுகளை இருந்தது இருந்தபடியே காக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு முடிவெடுத்தது. துருப்பிடித்த கார்களும் தையல் இயந்திரங்களும் அன்று கிடந்த இடத்திலேயே இன்றும் கிடக்கின்றன. தனுஷ்கோடியில் எதை அப்படியே விட வேண்டும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படாததால், எஞ்சியவற்றில் பாதியை உப்புக் காற்றும் மீதியைச் சுற்றுலா வருபவர்களின் கைகளும் தின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றைக் காப்பது என்றால் அதை எந்த நிலையில் காப்பது என்ற கேள்வி தொடரின் முதல் நிமிடத்திலேயே எனக்குள் புகுந்துகொண்டது. 26 பகுதிகளும் முடியும்வரை அது போகவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட வேண்டும். 2010-இல் வெளிவந்த இந்தப் புதுப்பிப்பில் ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு வினாடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 22 மணி நேரத் தொடரில் 20 லட்சத்தை நெருங்கும் படங்களைக் கண்கொண்டு பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கருப்பு வெள்ளைப் பிரிண்டில் விழும் ஒரு வெள்ளைப் புள்ளியை மறைப்பதற்கு மெல்லிய பிரஷ்ஷில் சாயத்தைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு டச்சிங் செய்து பழகியவன் நான். ஒரு போஸ்ட்கார்டு சைஸ் படத்துக்கே அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அனுபவத்தோடு பார்க்கும்போது இந்த உழைப்பின் அளவு எனக்குப் புரிகிறது.

கடலோரத்தில் ஃபிலிமை வைத்துக் காப்பது எவ்வளவு பாடு என்பதும் எனக்குத் தெரியும். என் ஸ்டுடியோவின் நெகட்டிவ்களைப் பிஸ்கட் டின்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைத்திருந்தேன். அப்படியிருந்தும் சில டின்களைத் திறந்தால் காடி வாடை குப்பென்று அடிக்கும். ஃபிலிமின் அசிட்டேட் அடிப்பொருள் ஈரத்தாலும் சூட்டாலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால் வரும் வாடை அது. ஒரு டின்னில் அது தொடங்கிவிட்டால் பக்கத்திலிருக்கும் நல்ல நெகட்டிவ்களையும் கெடுத்துவிடும். லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்வதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்த்திருக்கிறேன். போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட 35 மி.மீ. படங்களில் பெரும்பாலானவை அதைவிட ஆபத்தான நைட்ரேட் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை; பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றினாலும் அணையாது. இத்தனைக்கும் தப்பி, நகலுக்கு நகல் எடுக்கப்பட்டு, கீறலும் அழுக்கும் ஏறி வந்த படம், இன்று என் வீட்டுச் சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில், ஒரு சிப்பாயின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து, புள்ளிமழைக்கு நடுவே முகத்தைத் தேடிய தலைமுறைக்கு இது சின்ன விஷயமல்ல.

நேர்காணல்கள்தாம் இதனால் அதிகம் பயனடைந்திருக்கின்றன. அவை வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. டிவிடியில் மங்கலான செம்மஞ்சளாகத் தெரிந்த முகங்கள் இப்போது தோலின் நிறத்துக்கு வந்திருக்கின்றன. எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லரின் உதவியாளராக இருந்த கார்ல் வோல்ஃப், மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஹிம்லரோடு நின்று பார்த்ததைச் சொல்லும் இடத்தில், அவருடைய கண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதைக்கூட இந்தப் பதிப்பில்தான் என்னால் கவனிக்க முடிந்தது. பழைய போர்க்காட்சிகளில் சில இடங்களில் மட்டும் கை சற்று மிஞ்சிவிட்டதோ என்று தோன்றியது. ஃபிலிமின் மணிமணியான தன்மையை அளவுக்கு மீறித் துடைத்துவிட்டால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் முகப்பருவை எடுக்கப்போய் மூக்கின் நிழலையும் எடுத்துவிடுகிற புதுப் பையன்களிடம் நான் ஓயாமல் சொல்லிவந்தது இதைத்தான்.

இனிக் குறைக்கு வருகிறேன். தொடர் எடுக்கப்பட்டபோது தொலைக்காட்சித் திரை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்தது. இன்றைய திரை 16-க்கு 9. பழைய படத்தை இதில் காட்டினால் இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டையைப் பார்த்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்று நினைத்தார்களோ என்னவோ, இந்தப் பதிப்பில் படத்தை அகலத் திரை முழுவதும் நிரம்பும்படி பெரிதாக்கி, மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். எவ்வளவு வெட்டு என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம்: அகலத்தைத் தொடாமல் நான்குக்கு மூன்றை 16-க்கு 9 ஆக்க வேண்டுமென்றால், உயரத்தில் சரியாக நான்கில் ஒரு பங்கு போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டியதாகச் சொல்ல முடியாது. முக்கியமான பகுதி திரைக்குள் நிற்கும்படி வெட்டும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தித்தான் செய்திருக்கிறார்கள். எனினும், எது முக்கியம் என்று முடிவு செய்தவர் கேமராவைப் பிடித்தவரும் அல்லர், 1973-இல் தொகுத்தவரும் அல்லர். வெளியான காலத்திலேயே இந்த வெட்டைப் பலரும் கண்டித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1990-களின் நடுவில் ஒரு குடும்பத்தார் அட்டையில் ஒட்டிய பழைய குரூப் போட்டோ ஒன்றை என் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். ரங்கூனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. நாற்காலிகளில் ஐந்து பேர், பின்னால் நின்றபடி ஆறேழு பேர், எல்லோருமே எங்கள் மாவட்டத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தாத்தாவை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும், சுவரில் மாட்டி மாலை போட வேண்டும் என்றார்கள். நானும் காப்பி ஸ்டாண்டில் படத்தை வைத்து, கேமராவைக் கீழே இறக்கி, தாத்தா மட்டும் நெகட்டிவ் முழுக்க நிரம்பும்படி எடுத்தேன். முழுப் படத்தையும் ஒரு ஃபிரேம் எடுத்து வைத்திருக்கலாம். ஒரு ஃபிரேம் மிச்சம் பிடித்தேன். மூலப்படம் அவர்கள் வீட்டுப் பெட்டியில் கரையான் அரித்துப் போய்விட்டது. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு குடும்பத்திலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தார். அதே படத்தின் வலது ஓரத்தில் நின்றிருந்த இளைஞர் தன் தகப்பனாரின் அண்ணன் என்றும், 1942-இல் பர்மாவை விட்டுக் கிளம்பியவர் ஊர் வந்து சேரவே இல்லை என்றும், அவருக்கு வேறு படமே கிடையாது என்றும் சொன்னார். டின்னைத் தேடி அந்த நெகட்டிவை எடுத்து என்லார்ஜரில் போட்டுப் பார்த்தேன். தாத்தாவின் நாற்காலி முதுகின்மேல் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. அந்த விரல்கள் அவருடையவையா, பக்கத்தில் நின்றவருடையவையா என்பதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் அதையும் ஒரு பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு போனார். காசு கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை.

ஆகவே ஓரத்தை வெட்டுவது என்ற பேச்சு வரும்போது எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் கூச்சமும் சேர்ந்தே வருகிறது.

மூன்றாம் பகுதியிலிருந்து என் பெரியப்பாவும் எங்களோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது. காது அநேகமாகக் கேட்காது, பார்வை மட்டும் கூர்மை. பிறந்தது ரங்கூனில். தகப்பனார் அங்கே அரிசி ஆலையில் வேலை பார்த்தார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது இவருக்கு ஏழு வயது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அந்த நடையில் கிளம்பிய இந்தியர்களை லட்சக்கணக்கில் கணக்கிடுகிறார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். பெரியப்பாவின் குடும்பம் டாமு வழியாக மணிப்பூருக்குள் வந்து, அங்கிருந்து திமாப்பூர் போய் ரயிலேறி, கல்கத்தா, சென்னை என்று சுற்றி ராமநாதபுரம் வந்து சேர்ந்தது. ஐந்து பேராகக் கிளம்பியவர்கள் நான்கு பேராக வந்தார்கள். இதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் பகுதி 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததைப் பற்றியது. ஜெர்மானியப் படை வருவதற்கு முன்னால் வண்டியிலும் சைக்கிளிலும் நடையாகவும் சாலை முழுக்க மக்கள் தெற்கு நோக்கிப் போகும் காட்சிகள் அதில் வருகின்றன. மெத்தைகளைக் கட்டிய வண்டிகள், குழந்தையைத் தோளில் தூக்கிய பெண்கள், மூட்டைகள். பெரியப்பா சற்று நேரம் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"என்னப்பா, யாருக்கும் காலைக் காணோம்? எல்லாரும் எதுலயோ மிதந்து போற மாதிரி போறாக."

நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான். முகங்களும் மூட்டைகளும் திரைக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகக் கீழ்ப்பக்கத்தை வெட்டியிருந்தார்கள். முழங்காலோடு படம் முடிந்துவிடுகிறது. வட்டை மாற்றி, பழைய டிவிடியில் அதே இடத்தைத் தேடிப் போட்டேன். தெளிவு குறைவு, கறுப்புப் பட்டைகள் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் கால்கள் இருந்தன. குதிகால் உயர்ந்த செருப்போடு ஒருத்தி, வெறுங்காலோடு ஒரு சிறுவன், கால்களுக்கிடையில் ஒரு நாய்.

பெரியப்பா தலையாட்டினார். "ஆங், இதுதான். நான் முன்னால போறவுக குதிங்காலைத்தான்ப்பா பாத்துக்கிட்டே வந்தேன். ரெண்டு பக்கமும் திரும்பிப் பாக்கக் கூடாது, முன்னால போற காலையே பாத்து நடன்னு எங்கய்யா சொல்லிட்டாரு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பாதையின் இரு ஓரங்களிலும் என்ன கிடந்திருக்கும் என்பது தெரியாத வயதல்ல எனக்கு. அந்தத் தகப்பனாரும் ஒரு வெட்டுத்தான் வெட்டியிருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்காக. அதற்கும் சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுப்பதற்கும் உள்ள தூரத்தை அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் பெரியப்பாவுக்காகப் போர்க்காட்சிகள் அதிகம் வரும் பகுதிகளை டிவிடியிலும், பேச்சு அதிகம் வருபவற்றை நான் மட்டும் புளூ-ரேயிலும் பார்ப்பது என்று ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. 14-ஆம் பகுதிக்காக இருவருமே காத்திருந்தோம். அது 1942 முதல் 1944 வரையிலான பர்மாப் போரைப் பற்றியது. பின்வாங்கல், காடு, மழை, மலேரியா, 'மறக்கப்பட்ட படை' என்று தங்களையே அழைத்துக்கொண்ட 14-ஆம் படையின் மனநிலை, கோஹிமா, இம்பால் சண்டைகள் ஆகியவை அதில் வருகின்றன. தொடரின் நல்ல பகுதிகளில் ஒன்று என்றே சொல்வேன். மழையும் சேறும் அவ்வளவு நெருக்கமாக வருகின்றன. தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராக இருந்த மௌண்ட்பேட்டன் பேசுகிறார், போர்வீரர்கள் பேசுகிறார்கள். ஆனால் அது பிரிட்டிஷ் சிப்பாயின் கண்வழியே பார்க்கப்பட்ட பர்மா. 14-ஆம் படையில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். அந்தப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. அப்படியிருந்தும் 26 பகுதிகளில் ஒரு தமிழ்க் குரல்கூட என் காதில் விழவில்லை. மலாயாவில் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களைப் பற்றியும், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நேதாஜியின் படையில் சேர்ந்த எங்கள் மாவட்டத்து இளைஞர்களைப் பற்றியும் இந்தத் தொடரிலிருந்து ஒருவர் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

இதைத் தொடரின் குற்றமாக மட்டும் சொல்லிவிட முடியாது. ஐசக்ஸ் குழுவினர் ஒரு காட்சி எந்த இடத்தில், எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டதோ அதற்குரியதாகவே அதைக் காட்ட வேண்டும் என்பதில் கவனமாக இருந்தவர்கள். கிடைக்காத படத்தை அவர்களால் காட்ட முடியாது. வெட்டு அதற்கு வெகுமுன்பே விழுந்துவிட்டது. போர்க்களத்துக் கேமராக்காரர் கையில் இருந்தது பெரும்பாலும் சாவி கொடுத்து ஓட்டும் ஐமோ போன்ற கேமரா. நூறடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். அந்த ஒரு நிமிடத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை அவருடைய மேலதிகாரி முன்பே சொல்லியிருப்பார்: பீரங்கி, தளபதி, கைப்பற்றிய பாலம், கொடி. மூட்டையோடு நடந்த கூலிக்குடும்பத்துக்காக யாரும் சுருள் மாற்றவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஃபிலிமில் இருக்கிறார்கள் என்றால், தற்செயலாக ஓரத்தில் வந்து நின்றதால்தான் இருக்கிறார்கள். லாரி ஒன்று போகும்போது பின்னால் ஒதுங்கி நிற்பவராக, படகிலிருந்து இறங்கும் அதிகாரியின் காலடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பவராக. அந்தக் கால் பங்கில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டால், வெள்ளைப் புள்ளியை எவ்வளவு நேர்த்தியாக டச்சிங் செய்தும் பயனில்லை.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தப் பதிப்பில் ஒலியை ஐந்து புள்ளி ஒன்று முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். விமானம் இடமிருந்து பின்னால் போகிறது, வெடி முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. ஆனால் போர்க்களக் காட்சிகளில் பெரும்பாலானவை ஒலியில்லாமல் எடுக்கப்பட்டவை; அந்தச் சத்தங்கள் பின்னர் எடிட்டிங் அறையில் சேர்க்கப்பட்டவை. 1973-இலேயே சேர்த்த சத்தத்தை இப்போது அறை முழுக்கப் பரப்பிக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை என்றாலும் ஆர்வமும் இல்லை. ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உச்சிப்புளி கடற்படை விமான தளத்து ஹெலிகாப்டர் நிஜமாகவே வீட்டுக்கு மேலாகப் போக, என் மனைவி படத்தில் வந்த சத்தம் என்று நினைத்து ஒலியைக் குறைக்கச் சொன்னாள். ஒலிவியரின் குரல் மட்டும் முன்னைவிடச் சுத்தமாக, நடுவில் அசையாமல் நிற்கிறது. அவர் பேசாமல் விடும் இடங்களில் அந்த மௌனமும் சுத்தமாகக் கேட்கிறது. காது கேளாத பெரியப்பாவோ 1940-இல் கேமராக்காரர் எடுத்தபடியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பேசுகிறவர்களின் முகத்துக்காகப் புதியதையும், படத்துக்காகப் பழைய சதுர வடிவ டிவிடியையும் சொல்வேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிவிடி. பழைய செட்டுகள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வட்டுகளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். என்னுடையவற்றிலேயே இரண்டில் ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கல் படரத் தொடங்கியிருக்கிறது. கடலோரத்தில் வட்டுகளும் நெகட்டிவ்களைப் போலத்தான் கெடுகின்றன. அதனால் என் சொந்த உபயோகத்துக்காக எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முழு ஃபிரேமாக, பட்டைகளோடு. இதுவரை 17 பகுதிகள் முடிந்திருக்கின்றன. பெரியப்பா 14-ஆம் பகுதியை மறுபடியும் ஒருமுறை போடச் சொல்லியிருக்கிறார். மின்சாரம் ஒழுங்காக இருந்தால் இன்று இரவு போட வேண்டும்.